யாழ்ப்பாணத்துக் குடும்ப வரலாறு: தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உறவினருக்கும் அயலவருக்கும் அவர்கள் வீட்டுப் பழைய உறுதிகளையும் (காணிப் பத்திரங்கள்) சாதக ஓலைகளையும் வாசித்துக் கொடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. கேட்பவர்களுள் பாதிப் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். மீதிப் பேர் இங்கேயே இருந்தும் பெட்டகத்தைத் திறந்து பார்க்க நேரம் வாய்க்காதவர்கள்.

எங்கே தொடங்க வேண்டும்? கச்சேரியிலா (மாவட்ட அரச அலுவலகம்), கொழும்பிலா?

வீட்டில் உள்ள மூத்த பெண்ணிடம் தொடங்குங்கள். எங்கள் ஆண்கள் உத்தியோகத்துக்கென்று கொழும்பிலும் மலாயாவிலும் ஆண்டுக்கணக்கில் இருந்த காலத்தில், கலியாணவீடும் செத்தவீடும் நடத்தி, யார் யாருக்கு என்ன முறை என்பதை நினைவில் வைத்திருந்தவர்கள் ஊரில் இருந்த பெண்களே. “ஆச்சி எந்த ஆண்டு பிறந்தா?” என்று கேட்டால் விடை வராது. ஊர் அறிந்த நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லி, அதற்கு முன்னா பின்னா என்று கேட்க வேண்டும். கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்கு ரயில் வந்தது 1905. காந்தி யாழ்ப்பாணம் வந்தது 1927. கொழும்பிலும் திருகோணமலையிலும் யப்பானியர் குண்டு வீசியது 1942 ஏப்ரல். பெரும்புயல் அடித்தது 1964 டிசம்பர். “புயலடிச்ச அண்டைக்கு அவள் கைக்குழந்தை” என்ற ஒரு வாக்கியம், ஊகித்துப் போட்ட பத்துப் பிறந்த ஆண்டுகளைவிடப் பெறுமதியானது.

முறைப்பெயர்களை அப்படியே எழுதிக்கொண்டு போய்விடாதீர்கள். பெரியப்பா என்பவர் தந்தையின் தமையனாகவும் இருக்கலாம், தாயின் தமக்கை கணவராகவும் இருக்கலாம். எந்த வழி என்று அப்போதே கேட்டு எழுதாவிட்டால், சொன்னவர் மறைந்த பின் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள்.

எங்களுக்குக் குடும்பப் பெயரே இல்லையே, தலைமுறைகளை எப்படித் தொடர்வது?

தந்தை பெயரே முதலெழுத்தாக முன்னே நிற்பதால், ஒவ்வொரு பெயரும் ஒரு தலைமுறையை மட்டும் பின்னோக்கிக் காட்டும். அதற்கு மேல் செல்லப் பெயர் வைக்கும் வழக்கம் உதவுகிறது. பாட்டனின் பெயரைப் பேரப்பிள்ளைக்கு இடுவது பழைய வழக்கம் ஆகையால், வேலர் மகன் கந்தர், கந்தர் மகன் வேலர் என்று இரண்டு பெயர்கள் மாறி மாறி ஒரு நூற்றாண்டு முழுவதும் ஓடுவதைக் காணலாம். பேரன் என்ற சொல்லையே நாங்கள் பாட்டனுக்கும் பாட்டனின் பேரப்பிள்ளைக்கும் வழங்குகிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள். இந்த வசதியே பொறியும் ஆகும். ஒரே ஊரில் ஒரே பெயரில் இருந்த இரண்டு வேலர்களை ஒருவராக்கி, எண்பது வயதில் பிள்ளை பெற்றவராக எழுதிவைத்த வம்சாவளிகளை நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டுப் பெயர் வேறு, பதிவுப் பெயர் வேறு என்பதும் நினைவில் இருக்க வேண்டும். எல்லோரும் சின்னத்தம்பி என்று அழைத்தவர் உறுதியில் வேறொரு முழுப்பெயருடன் நிற்பார். ஆங்கிலப் பதிவுகளில் எழுத்துக்கூட்டல் ஒரு தனித் தலைவலி. வல்லியம்மையை ‘வி’ வரிசையில் தேடிக் காணாவிட்டால் ‘டபிள்யூ’ வரிசையிலும், கந்தையாவைக் ‘கே’, ‘சி’ என்ற இரண்டு வரிசைகளிலும் தேட வேண்டும்.

பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் எந்தக் காலம் வரை கிடைக்கும்?

பிறப்பையும் இறப்பையும் பதிவது 1867ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்துடன் நாடு தழுவிய கடமையாயிற்று. ஆனால் தொடக்கக் காலத்தில் எல்லாப் பிறப்புகளும் பதிவாகிவிடவில்லை. பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளர் பிரிவில் விண்ணப்பித்துப் பிரதி பெறலாம். பெயரைவிடப் பதிவுப் பிரிவும் ஏறத்தாழவான ஆண்டும் தெரிந்திருப்பதே தேடலை விரைவாக்கும். சைவக் குடும்பங்களின் பழைய கலியாணங்கள் பல வழக்கப்படி நடந்து பதிவின்றியே போயின. ஆகவே விவாகப் பதிவு இல்லை என்பதை வைத்துக் கலியாணமே இல்லை என்று முடிவு கட்டக்கூடாது.

பழைய பத்திரங்களில் தந்தையின் தொழில் அல்லது அந்தஸ்து என்று ஒரு கட்டம் உண்டு. பலர் அதைக் கவனிக்காமல் பெயரை மட்டும் படியெடுத்துக்கொண்டு வருகிறார்கள். தகவல் கொடுத்தவர் யார் என்ற கட்டத்தையும் பாருங்கள்; அங்கே பெரும்பாலும் ஒரு மாமனோ பேரனோ கையொப்பமிட்டிருப்பார்.

காணி உறுதியில் குடும்ப வரலாறு இருக்குமா?

என் அனுபவத்தில் வேறெதிலும் இல்லாத அளவுக்கு அதில்தான் இருக்கிறது. குறிப்பாகப் பெண்களைப் பற்றி. காரணம் தேசவழமை என்ற எங்கள் வழக்கச் சட்டம். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற திசாவை (பிரதேச ஆட்சி அதிகாரி) 1707இல் எங்கள் வழக்கங்களைத் தொகுத்தார்; பன்னிரண்டு முதலியார்கள் அதைப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள்; ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தார்கள். அதன்படி சொத்து முதுசம் (பரம்பரையாக வந்தது), சீதனம், தேடியதேட்டம் (கலியாணத்தின் பின் தேடியது) என மூவகைப்பட்டது. ஆண்வழி முதுசம் ஆண்களுக்குப் போக, தாயின் சீதனம் பெண்மக்களின் சீதனமாக இறங்கியது. 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் விதிகள் பலவற்றை மாற்றியபோதிலும், வீட்டையும் வளவையும் மகளுக்கு எழுதும் வழக்கம் மாறவில்லை. ஆகவே தந்தைவழியைப் பெயர்களில் தேடுங்கள், தாய்வழியை வளவில் தேடுங்கள் என்று நான் சொல்வதுண்டு. ஒரே வளவுக்குரிய சீதன உறுதிகளை அடுக்கி வைத்தால் மகள், தாய், பேத்தி (பாட்டியையும் நாங்கள் அப்படித்தான் அழைக்கிறோம்), பூட்டி என்று வரிசையாக வந்து நிற்பார்கள். பிறப்புப் பதிவில் ‘இன்னாரின் மனைவி’ என்ற அளவில் மங்கிப்போன பெண், உறுதியில் தன் பெயரோடும், தன் தகப்பன் பெயரோடும், சில வேளை தன் கைந்நாட்டோடும் இருப்பாள்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு, காணியைக் கைமாற்றும் எந்தப் பத்திரமும் நொத்தாரிசு (பத்திரம் எழுதி உறுதிப்படுத்தும் சட்ட அலுவலர்) முன்னிலையில், சாட்சிகள் இருவருடன் எழுதப்பட வேண்டும் என்றாயிற்று. அந்தச் சாட்சிகள் தெருவில் போனவர்கள் அல்லர். பெரும்பாலும் மாமன் மச்சான்மார்.

எங்கள் வீட்டு உறுதி ஒன்றைக் காட்டுகிறேன். என் தாயின் பேத்திக்கு எழுதிய சீதன உறுதி அது. மடிப்பு விழுந்த இடங்களில் எழுத்தே இல்லை. முதலில் கோயிற்பற்று என்ற நிலப் பிரிவு, பிறகு காணியின் பெயர், பிறகு பரப்பு என்ற எங்கள் நில அளவு. வரகுக் காணிக் கணக்கில் பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்பு பதினெட்டுக் குழி. நெற்காணிக்குக் கணக்கு வேறு. அதற்குப் பிறகு எல்லைகள்: கிழக்கே ஒருவர், வடக்கே ஒரு பெண்ணும் பங்காளரும், மேற்கே ஒழுங்கை, தெற்கே இன்னொரு பெண். இதை வெறும் அளவுக் குறிப்பு என்று பல ஆண்டுகள் தாண்டிப் போயிருந்தேன். ஒருநாள் அந்த வடக்கெல்லைப் பெண்ணின் தகப்பன் பெயரும் எங்கள் ஆச்சியின் தகப்பன் பெயரும் ஒன்றென்பது கண்ணில் பட்டது. ஒரு தகப்பனின் வளவைப் பெண்மக்கள் மூவருக்கும் வகிர்ந்து கொடுத்ததால் எல்லைக்காரர்களே சகோதரிகளாக இருந்திருக்கிறார்கள். யாரும் எனக்குச் சொல்லாத இரண்டு பெரியாச்சிமாரை அந்த நான்கு வரிகள் சொல்லின. கடைசியில் ‘கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் மூன்றிலொரு பங்கு’ என்று இருந்தது. பங்குக் கிணறு எத்தனையாகப் பிரிந்திருக்கிறது என்று பார்த்தால், பல வேளைகளில் அந்தக் குடும்பத்தில் சொத்துப் பெற்ற பிள்ளைகள் எத்தனை பேர் என்பது தெரிந்துவிடும்.

விற்பனை உறுதியையும் ஒதுக்கிவிடாதீர்கள். தேசவழமையின்படி காணி விற்பவர் முதலில் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் அறிவிக்க வேண்டும் என்றிருந்ததால், வாங்கியவர் பெரும்பாலும் சொந்தக்காரராகவே இருந்தார்.

உறுதிகள் எல்லாம் இடப்பெயர்வில் போய்விட்டன. இனி வழி உண்டா?

உண்டு. 1995 ஒக்டோபர் இறுதியில் போரினால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதி மக்கள் ஒரே இரவில் வெளியேறியபோது, பெட்டகத்தைத் தூக்கிக்கொண்டு போக எவராலும் முடியவில்லை. அதற்கு முன்பே 1990இல் வலிகாமம் வடக்கும் போயிருந்தது. ஆனால் நொத்தாரிசு தம்மிடம் ஒரு படியை வைத்துக்கொண்டு, இன்னொரு படியைக் காணிப் பதிவகத்துக்கு மாதந்தோறும் அனுப்ப வேண்டியவர். ஆகவே வீட்டில் இருந்தது அழிந்தாலும் பதிவகத்துப் படி மிஞ்சியிருக்க வாய்ப்பு உண்டு. உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை யாராவது ஒரு பழைய கொப்பியில் குறித்து வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். எனக்கு ஓர் அலுவலகத்தில் மூன்று முறை ‘இல்லை’ என்று சொன்ன படி, நான்காம் முறை அயற்காணியின் இலக்கத்தைக் கொண்டு தேடியபோது கிடைத்தது.

பங்குபிரிப்பு வழக்கு நடந்த காணியென்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம், வழக்காடியவர்களுக்குத்தான் அது துன்பம். அத்தகைய வழக்கில் ஆதி உரித்தாளர் தொடக்கம் வழக்காளி வரைக்குமான வம்சாவளியை மன்றுக்குக் கொடுக்க வேண்டும். எதிராளிகள் அதை மறுத்துத் தங்கள் வம்சாவளியைக் கொடுப்பார்கள். சண்டை பிடித்த உறவுகள் சண்டை பிடிக்காத உறவுகளைவிட நல்ல பதிவுகளை விட்டுச் செல்கின்றன. மரணசாதன வழக்குகளிலும் உரித்தாளர் பட்டியல் இருக்கும்.

சாதக ஓலையில் ‘விகாரி வருடம்’ என்று இருக்கிறது. அது எந்த ஆண்டு?

தமிழாண்டுகள் அறுபது சுற்றி வருபவை. விகாரி 1839, 1899, 1959, 2019 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் பிறந்தது. எந்தச் சுற்று என்பதை மற்றவர்களின் வயதைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும். தை, மாசி, பங்குனியில் பிறந்தவருக்கு ஆங்கில ஆண்டு ஒன்று கூடிவிடும் என்பதை மறந்து ஓராண்டு பிழைவிடுபவர்கள் மிகப் பலர். நேரம் சூரிய உதயத்திலிருந்து நாழிகைக் கணக்கில் இருக்கும்; ஒரு நாழிகை இருபத்து நான்கு நிமிடம். பழைய ஏட்டெழுத்தில் புள்ளி இராது. இரட்டைக் கொம்பும் ஒற்றைக் கொம்பும் வேறுபடா. ரகரமும் காலும் ஒன்றுபோல் இருக்கும். இலக்கங்களில் ௧ ககரம் போலவும், ௨ உகரம் போலவும், ௮ அகரம் போலவும் தோன்றி ஏமாற்றும்.

இறந்த திகதிக்குக் கல்வெட்டைப் பாருங்கள். நான் சொல்வது கல்லில் வெட்டியதை அன்று; முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கில் வழங்கும் நினைவு மலரைத்தான் நாங்கள் அப்படி அழைக்கிறோம். அதில் வரும் திதி வெண்பா, ஆண்டையும் மாதத்தையும் பட்சத்தையும் திதியையும் நான்கு வரிக்குள் அடக்கிவிடும். சில கல்வெட்டுகளில் பல தலைமுறை வம்சாவளியும் உண்டு. நூலகம் என்ற எண்மச் சேமிப்பில் பல நினைவு மலர்கள் படிமங்களாக வாசிக்கக் கிடைக்கின்றன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலானதை அறிந்தவர்களுக்கு, ஒரு செத்தவீட்டு மலரைக்கூட இப்படிச் சேர்த்து வைப்பது ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. கல்வெட்டில் ஒரு குறை: இறந்தவரைக் குறைத்து எழுதும் புலவர் இல்லை.

பழைய பத்திரங்களில் உள்ள தொழிற்பெயர்கள் விளங்கவில்லையே?

பல சொற்கள் போர்த்துக்கேயத்திலிருந்தும் ஒல்லாந்து மொழியிலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் எங்கள் நாக்குக்கு ஏற்ப வளைந்தவை. பிறக்கிராசி என்பவர் நீதிமன்றத்தில் ஆவணங்களைக் கவனித்த வழக்கறிஞர். அப்புக்காத்து என்பவர் மன்றில் பேசியவர். சட்டம்பியார் பள்ளி ஆசிரியர். பரியாரியார் நாட்டு வைத்தியர். தமிழ்நாட்டில் சில பகுதிகளில் அந்தச் சொல் வேறு தொழிலைக் குறிப்பதால், இணையத்தில் தேடும் பிள்ளைகள் குழம்புகிறார்கள். தண்டையல் பாய்க்கப்பலின் தலைவர். வல்வெட்டித்துறையிலிருந்து ‘அன்னபூரணி அம்மாள்’ என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போனது அத்தகைய மாலுமிகளின் கையால்தான்.

விதானையார், உடையார், மணியகாரர் என்பவை ஆட்சிப் பதவிகள். முதலியார் என்பது சிலருக்குப் பதவி, சிலருக்கு வெறும் பட்டம். அதை வைத்துக் குலம் கணிப்பது தவறு. ‘சுருட்டு வியாபாரம்’ என்று கண்டால் தேடலைத் தெற்கே திருப்புங்கள். காலியிலும் மாத்தறையிலும் கடை வைத்திருந்து, ஆண்டுக்கு ஒருமுறை ஊர் வந்தவராக இருக்கலாம்.

பூட்டன் மலாயாவில் வேலை பார்த்தாராம். அங்கே எப்படித் தேடுவது?

மலாயாவின் முதல் ரயில் பாதை தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை 1885இல் திறக்கப்பட்டது. அதன் பிறகு நிலைய அதிபராகவும் லிகிதராகவும் (எழுத்தர்) நில அளவையாளராகவும் அப்போதிக்கரியாகவும் (உதவி மருத்துவர்) யாழ்ப்பாணத்தவர் கூட்டங்கூட்டமாகப் போனார்கள். மிஷன் பள்ளிகளில் படித்த ஆங்கிலமே அவர்களுக்குக் கடவுச்சீட்டாக இருந்தது. அரச ஊழியர் ஆனபடியால் நியமனம், இடமாற்றம், ஓய்வு எல்லாம் அரசிதழான வர்த்தமானியில் வந்திருக்கும். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் எண்மப் பத்திரிகைத் தொகுப்பில் எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றித் தேடினால் டெனிஸ் போட்டி வெற்றிகள்கூடக் கிடைக்கும். வீட்டில் ஓய்வூதியக் கடிதம் ஒன்று மிஞ்சியிருந்தால் அதில் உள்ள திணைக்களத்தின் பெயரே தேடலின் நூல்முனை.

பழைய படத்தில் இருப்பவர் யார், எந்தக் காலம் என்று எப்படி அறிவது?

முதலில் முகத்தை விட்டுவிட்டு அட்டையைப் பாருங்கள். கெட்டி அட்டையில் ஒட்டிய, ஏறத்தாழ ஆறரை அங்குல உயரமான படம் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியையோ அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்தது. பின்புறம் அஞ்சலட்டையாக அச்சிடப்பட்டிருந்தால் 1900க்குப் பிற்பட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அட்டையின் அடியில் படப்பிடிப்பு நிலையத்தின் பெயரும் ஊரும் இருக்கும்; ஈப்போ, சிரம்பான் என்றிருந்தால் முந்தைய கேள்விக்குத் திரும்புங்கள்.

உடையைக் கொண்டு காலம் கணிப்பவர்கள் நிதானமாக இருக்க வேண்டும். கோட்டும் கைக்கடிகாரமும் கதிரையும் படப்பிடிப்பு நிலையத்தில் இரவலாகக் கிடைத்தவை. உடம்போடு இருந்ததை நம்புவது பாதுகாப்பானது. என் அப்பப்பாவின் படங்கள் இரண்டு எங்களிடம் இருக்கின்றன. இரண்டிலும் கழுத்துவரை பொத்தான் பூட்டிய அதே வெள்ளைக் கோட்டு, சீலையில் வரைந்த அதே தூணும் படிக்கட்டும். எது முந்தியது என்று தெரியாமல் இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது ஒன்றில் காதில் கடுக்கன் மின்னியது. மற்றதில் துளை மட்டும் இருந்தது. குடுமியும் முதலாவதில் தோளுக்குப் பின்னால் சற்றே தெரிந்தது. உத்தியோகம் அவரிடமிருந்து எதை எந்த வரிசையில் கழற்றியது என்பதையும் அந்த இரண்டு படங்கள் சொல்லின.

செத்தவீட்டுப் படங்களைப் பார்க்கப் பலருக்குத் தயக்கம். ஆனால் திகதி உறுதியாகத் தெரிந்த குடும்பப் படம் அதுவே. இறப்புப் பத்திரத்தைப் பக்கத்தில் வைத்தால் நாள்கூடச் சொல்லிவிடலாம். தலைமாட்டில் வெற்றுடம்போடு நிற்பவர் பெரும்பாலும் கொள்ளி வைத்த மகன். மற்றவர்களை அங்கிருந்து அடையாளம் காணத் தொடங்கலாம். பின்புறத்தில் பென்சிலால் எழுதிய பெயர்களை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். நாற்பது ஆண்டுகள் கழித்து ஒரு மருமகள் எழுதியதாகவும் இருக்கலாம்.

படங்களை எப்படிப் பேணுவது?

ஆல்பத்தில் ஒட்டியதை உரிக்காதீர்கள். பக்கத்தோடு சேர்த்து ஸ்கான் செய்யுங்கள், 600 புள்ளிக்குக் குறையாமல், பின்புறத்தையும் சேர்த்து. கிழிந்ததற்கு செலோடேப் ஒட்ட வேண்டாம். எங்கள் காற்றின் ஈரத்துக்கும் இராமபாணப் பூச்சிக்கும் பொலித்தீன் பை மருந்தாகாது. உள்ளே வியர்த்துப் படம் ஒட்டிக்கொள்ளும்.

ஒல்லாந்தர் காலத்துத் தோம்பில் (காணிகளையும் குடிகளையும் பதிந்த ஏடு) எங்கள் முன்னோர் இருப்பார்களா?

இருக்கலாம். கொழும்பில் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஒல்லாந்தர் கால ஆவணங்கள் இருக்கின்றன. மொழி பழைய ஒல்லாந்து மொழி ஆகையால் வாசிக்கத் தெரிந்த ஒருவரின் உதவி வேண்டும். அங்கே முன்னோர் பெயருக்கு முன்னால் ‘டொன்’ என்றோ வேதப் பெயரோ (கிறித்தவப் பெயர்) இருந்தால் அதிர்ச்சி அடைய வேண்டாம். பதவிக்கும் காணிக்கும் ஞானஸ்நானம் வேண்டியிருந்த காலம் அது. வீட்டுக்குள் விபூதி இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க மிஷன் பள்ளிகளில் படித்தவர்களுக்கு, அவர்களின் படிப்புச் செலவை ஏற்ற அமெரிக்கர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த சதாசிவம்பிள்ளை ஆர்னோல்ட் ஆனதும், விசுவநாதபிள்ளை கறோல் ஆனதும் அப்படித்தான். அந்த மிஷனின் கடிதங்கள் இன்று ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

எங்கள் முன்னோருக்குக் காணியும் இல்லை, உறுதியும் இல்லை. நாங்கள் எங்கே தேடுவது?

நியாயமான கேள்வி. மேலே சொன்னதெல்லாம் காணி வைத்திருந்தவர்களின் வரலாறு என்பதை நான் மறைக்கவில்லை. இலங்கையில் அடிமைமுறை 1844இல்தான் சட்டப்படி முற்றாக ஒழிந்தது. அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் மனிதர்கள் சொத்தாக எண்ணப்பட்டதால், சீதனப் பத்திரங்களில் மாட்டுக்கும் நகைக்கும் பக்கத்தில் அவர்களின் பெயர்கள் வந்திருக்கின்றன. அப்பாவி மனிதர் ஒருவரின் பூட்டன் பெயரை அப்படி ஓர் இடத்தில் வாசித்துக் காட்டுவது இலகுவான வேலை அன்று. பிற்காலத்துக்கு மிஷன் பள்ளிகளின் வரவுப் பதிவேடுகளையும், ஞானஸ்நானப் பதிவுகளையும், குற்ற வழக்குகளில் சாட்சி சொன்னோர் பட்டியல்களையும் பாருங்கள். பெயரை ‘ன்’ விகுதியோடு மட்டும் எழுதியிருப்பார்கள். அது அவர் பெயரின் முழு வடிவம் அன்று, எழுதியவரின் மனநிலை. உங்கள் பதிவில் முழு வடிவத்தில் எழுதுங்கள்.

உறவினர் விரும்பாத செய்தி ஒன்று கிடைத்தால் எழுதலாமா?

எழுதுங்கள், எப்போது வெளியிடுவது என்பது வேறு விஷயம். பூட்டனுக்கு மலாயாவில் இன்னொரு தாரமும் இரண்டு பிள்ளைகளும் இருந்ததை ஓர் ஓய்வூதியக் கடிதத்திலிருந்து அறிந்தேன். அன்றே அவர்களின் பெயர்களை வம்சாவளியில் உரிய இடத்தில் எழுதி, கடிதத்தின் திகதியையும் பக்கத்தில் குறித்தேன். அந்தப் பக்கம் மட்டும், சின்னாச்சி உயிரோடு இருந்த ஆறு ஆண்டுகளும் என் மேசை லாச்சியில் இருந்தது.